பத்தாண்டுகளின் பின் மீண்டும் கூடிய பாடகர்

1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள மான்செஸ்டர் நகரத்து விடுதி ஒன்றிலே பத்திரிகையாளரும் ஒளிப்படம் பிடிப்போரும் நெருக்கமாகக் கூடியிருந்தனர். அவர்கள் முன்னிலையில் நான்கு இளைஞர் வந்தமர்ந்தனர். அவருள் ஒருவரான கேரி பார்லோ என்பவர், பரவியிருந்த வதந்திகள் துரதிர்ஷ்டவசமாக உண்மையே என்றும், அப்பொழுது வெளிவரவிருந்த பாட்டே தங்களுடைய இறுதிப் பாட்டு என்றும், அதனோடு வரும் புகழ்பெற்ற பாடல்களின் தொகுதியே தங்களுடைய இறுதித் தொகுதி என்றும், அன்றுமுதல் ‘டேக் தட்’ என்னும் குழு இல்லை என்றும் சில வாக்கியங்களிற் கூறிமுடித்தார். அச்செய்தி பரவியதும் இங்கிலாந்திலே பதின்ம வயதுச் சிறுமியர் பலர் அழுது அரற்றினர். அவர்களைத் தேற்றுவதற்கெனத் தொலைபேசி ஆறுதற் சேவைகள் திறக்கப்பட்டன. பாடகர் குழு ஒன்று கலைந்தமைக்காக இவ்வாறு செய்யப்பட்டதை அக்காலத்துப் பெரியோர் பலர் நகைப்புக்குரிய செய்தியாகவே கருதினர்.

பத்தாண்டுகள் நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், 2005ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அதே நால்வர் மீண்டும் பத்திரிகையாளர் முன் அமர்ந்தனர். அதே பார்லோ பேசினார். தங்களுக்குப் பத்தாண்டு ஓய்வு தந்தமைக்கு நன்றி கூறிவிட்டு, வதந்திகள் துரதிர்ஷ்டவசமாக உண்மையே, நாங்கள் மறுபடியும் இசைச் சுற்றுலாப் புறப்படுகின்றோம் என்று அறிவித்தார். முன்னர் இறப்பை அறிவித்த சொற்களையே பின்னர் பிறப்பை அறிவிப்பதற்கும் அவர் எடுத்தாண்டது ஒரு நல்ல நகைச்சுவை. அந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் நிகழ்ந்தவற்றையே, நேயர்களே, இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலில், ‘பாய் பாண்ட்’ என்று மேனாட்டார் வழங்கும் இளைஞர் பாடற்குழு எத்தகையது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். வாத்தியம் வாசிக்கும் நண்பர்கள் தாமாகவே கூடி அமைப்பது வேறு. பாடவும் ஆடவும் வல்ல இளைஞரை ஒரு முகாமையாளர் தேடித் தெரிந்து சேர்த்து அமைப்பது வேறு. பின்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘மங்கீஸ்’ என்னும் நால்வர். அத்தொடர் 1968இல் முடிந்தது. குழுவும் சில ஆண்டுகளிற் கலைந்தது. ஆயினும் 1986இல், பழைய நிகழ்ச்சிகளை ஓர் இசைத் தொலைக்காட்சி நிலையம் மீண்டும் காட்டியபோது, புதிய தலைமுறை ஒன்று அவர்களை விரும்பலாயிற்று. மூவர் கூடிச் சுற்றுலாச் சென்றனர். பழைய பாடல்களின் தொகுதியும் நன்கு விற்பனையாயிற்று. நான்காமவரான மைக்கல் நெஸ்மித் பெரும்பாலும் விலகியே நின்றார். எழுத்துப் பிழையை மறைக்கும் வெண்ணிறத் திரவத்தைக் கண்டுபிடித்துச் செல்வம் ஈட்டிய அம்மையாரின் மைந்தர் அவர். சுற்றுலாப் பணம் அவருக்கு அவசியமாயிருக்கவில்லை. கூடுகின்றவர் கூட, மிகவும் வசதியுடையவர் வெளியே நிற்பது இத்தகைய வரலாறுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒன்று.

மங்கீசை ஒத்த முறையிலேதான் டேக் தட்டும் அமைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்னும் மான்செஸ்டர் முகாமையாளர், அமெரிக்காவிற் பெரும் புகழ் பெற்றிருந்த ‘நியூ கிட்ஸ் ஒன் த புளொக்’ என்னும் ஐவர் குழுவுக்கு ஈடாக ஆங்கிலேய இளைஞர் ஐவரைக் கூட்ட எண்ணினார். கேரி பார்லோ சிறு வயதிலிருந்தே தொழிலாளர் கழகங்களில் ஓர்கன் வாசித்துப் பாடி வந்தவர். தாமே பாட்டும் இயற்றுவார். ஹவார்ட் டொனால்ட் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் தொழில் செய்தவர். ஜேசன் ஓரஞ்ச் வீடுகளுக்கு வர்ணம் பூசியவர். இவ்விருவரும் நடனத்தில் வல்லவர். மார்க் ஓவன் வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். இறுதியாக வந்து சேர்ந்த ரொபி வில்லியம்ஸ் ஸ்டோக் நகரத்தவர். அப்பொழுது அவருக்கு வயது 16. மூத்தவரான டொனால்டுக்கு 22.

தொடக்கம் எளிதாயிருக்கவில்லை. பகலிற் பாடசாலைகளிலும் இரவில் நடனக் கழகங்களிலும் ஆடிப் பாடித் திரிந்தனர். 1991இல் வெளிவந்த முதற் பாட்டு எவரையும் கவரவில்லை. 1992இல், பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்றை அவர்கள் மீளப் பாடியபோதுதான் விற்பனை வரிசையின் முதற் பத்துக்குள் நுழைந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அவர்களை உயர்த்திய ‘குட் இட் பீ மஜிக்’ என்னும் பாட்டும் பிறருடையதே. அதன் மெட்டுக்கு மூலம் ஷோப்பான் என்னும் பியானோ மேதையின் சிறு இசையுருப்படி ஒன்று என்பதைச் சிறுமியருட் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. அறியாமையால் அவர்களின் மகிழ்ச்சி குறைந்ததுமில்லை. 1993ஆம் ஆண்டு யூலையில் பார்லோ இயற்றிய ‘பிரே’ முதலிடம் பெற்றது. அதிலிருந்து 1996 வரை எட்டுப் பாடல்கள் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றன. 1995இல் வெளிவந்த ‘பாக் ஃபோர் குட்’ அமெரிக்காவிலும் ஏழாமிடம் வரை சென்றது. 1993ஆம் ஆண்டு நத்தார் வாரத்தில் மட்டும், முதலிடத்திலிருந்த அவர்களுடைய பாட்டை, மிஸ்டர் பிளொபி என்னும் தொலைக்காட்சிக் கோமாளியின் பாட்டு ஒன்று கீழே தள்ளியது. ஆங்கிலேயரின் இசை இரசனையைப் புகழ்ந்து பேசுவோர் இதனையும் நினைவிற் கொள்வது நன்று.

இனி, அக்குழுவின் உள்ளமைப்பிலிருந்த குறையைக் கூறுதல் வேண்டும். பிற்காலத்து நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அதுவே வித்து. ஐவரும் மேடையிற் சமமாக நின்றனர். ஆனால் பாட்டுகளை இயற்றியவர் பெரும்பாலும் ஒருவரே. மேனாட்டு வழக்கப்படி ஒரு பாட்டின் வருவாய் இரு வழிகளாற் பிரியும். பாடிப் பதிவு செய்தவர்க்கு உரியது ஒன்று. இயற்றியவர்க்கு உரியது மற்றொன்று. பதிவுப் பங்கை ஐவர் பகிரவும், இயற்றியவரின் பங்கு முழுவதும் பார்லோவின் கைக்குச் சென்றது. வானொலியில் அப்பாட்டு ஒலிக்குந்தோறும் அவருக்கு ஒரு கூலி சேர்ந்தது. அது அவருடைய உழைப்பின் பயன் என்பதை மறுத்தல் முறையன்று. ஆனால் வியர்வை சிந்தி ஆடிய மற்றவர்களுக்கு எத்தகைய நாளை காத்திருந்தது என்பதை எண்ணிப்பார்க்கும் வழக்கம் அக்குழுவின் நல்ல நாள்களில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தோடு முகாமையாளரின் கட்டுப்பாடுகளும் கடுமையானவை. இரசிகையரின் கனவு கலையக்கூடாது என்பதற்காகக் காதலியர் வைத்துக்கொள்ளவும் தடை விதிக்கப்பட்டிருந்தது.

இந்தக் கட்டுக்கோப்பை முதலில் உடைத்தவர் இளையவரான வில்லியம்ஸ். 1995ஆம் ஆண்டு யூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவிலே, டேக் தட்டைப் பொருட்படுத்தாத வேறொரு மான்செஸ்டர் குழுவான ‘ஒயாசிஸ்’ பாடகர்களோடு அவர் களித்துத் திரிந்த காட்சியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. சுற்றுலா முடியும்வரை இருந்துவிட்டுப் போவதாக அவர் கூறினார்; போவதாயின் இப்பொழுதே போகலாம் என்று மற்றவர்கள் கூறினர். யூலை மாதத்தில் அவர் விலகினார். அதே மாதத்தில் வெளிவந்த அக்குழுவின் பாட்டுக்கு ‘நெவர் ஃபொகெற்’, அதாவது ஒருபோதும் மறவாதே, என்று பெயர். அப்பாட்டு முதலிடம் பெற்றபொழுது குழுவில் எஞ்சியிருந்தவர் நால்வரே. அடுத்த பெப்ரவரியில் நால்வரும் கலைந்தனர் என்பதை முன்னரே கூறினோம். அவர்கள் கலைவை அறிவித்த நாள் வில்லியம்சின் 22ஆவது பிறந்தநாள்.

பிரிந்தவர்களின் கதை, எதிர்பார்க்கப்பட்டதற்கு நேர்மாறாகச் சென்றது. பாட்டு இயற்ற வல்லவர் பார்லோவே. ஆகவே தனித்து நின்று வெல்லப்போகிறவரும் அவரே என்பது பொதுவான கணிப்பு. 1996இல் அவருடைய முதற் தனிப்பாட்டு முதலிடம் பெற்றது. 1997இல் வந்த தொகுதியும் முதலிடம் பெற்றது. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் வில்லியம்ஸ் ‘ஏஞ்சல்ஸ்’ என்னும் பாட்டை வெளியிட்டார். அதன்பின் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1999இல் வந்த பார்லோவின் இரண்டாம் தொகுதி தோல்வியுற்றது. பதிவுக் கொம்பனியும் அவரைக் கைவிட்டது. வில்லியம்ஸ் தம் பழைய தோழரை மேடையிலும் பேட்டிகளிலும் வெளிப்படையாகவே எள்ளி நகையாடினார். பார்லோ வெளியே தலைகாட்டாது வீட்டிலிருந்து பிறர்க்குப் பாட்டு இயற்றும் வேலையில் ஒதுங்கினார். ஓவனின் தனித் தொகுதியும் பெரிதாகப் போகவில்லை. டொனால்ட் நடன அரங்குகளில் இசைத்தட்டுச் சுழற்றுவோராகத் தொழில் செய்தார். ஓரஞ்ச் பிறநாடுகளில் அலைந்து திரும்பிக் கல்லூரியிற் சேர்ந்து படித்தார். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நெப்வர்த் என்னும் இடத்தில் மூன்று இரவுகள் வில்லியம்ஸ் பாடியபோது, 3 இலட்சத்து 75 ஆயிரம் பேர் அங்குத் திரண்டனர். மற்ற நால்வரின் பெயரையும் அக்காலத்திற் கூறினால், இவர்கள் இப்பொழுது எங்கே என்று கேட்கும் பத்திரிகைப் பத்தியில் மட்டுமே இடமுண்டு.

இவ்விடத்தில், புகழ்பெற்ற பாடல்களைத் தொகுத்து வெளியிடும் வழக்கத்தைப் பற்றியும் சில கூறுதல் பொருத்தமாகும். 1958ஆம் ஆண்டில் ஜொனி மாத்திஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் பாடல்களை, அவர் புதிதாகப் பாட நேரமின்றி இருந்த வேளையில், அவருடைய கொம்பனி ஒன்றுசேர்த்து வெளியிட்டது. அது அமெரிக்க விற்பனை வரிசையில் 490 வாரங்கள் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலல்லவா! அன்றுமுதல் கொம்பனிகள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டன. புதிய தொகுதிக்குப் பதிவுச் செலவு உண்டு. அது விற்குமோ விற்காதோ என்ற அச்சமும் உண்டு. பழைய பாடல்களின் தொகுதிக்குச் செலவும் அற்பம், அச்சமும் அற்பம். பாடகர் ஓய்ந்தாலும் பிரிந்தாலும் ஏன், இறந்தாலுங்கூட, அதனை வெளியிடலாம். 1992இல் வெளிவந்த ‘ஆபா கோல்ட்’ என்னும் தொகுதி, பத்தாண்டுகளாக ஓய்ந்திருந்த சுவீடன் நாட்டுக் குழு ஒன்றை அவர்கள் ஒரு மேடையும் ஏறாமலே மீண்டும் புகழுக்குக் கொணர்ந்தது.

டேக் தட்டின் கொம்பனியும் இந்நோக்கத்துடனேயே 2005ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ‘நெவர் ஃபொகெற்’ என்ற பெயரில் அவர்களின் பாடல்களை மறுபடியும் தொகுத்து வெளியிட்டது. 1996இலும் ஒரு தொகுதி வந்தது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே புதுமை ஏதும் வேண்டுமென்று, 1995ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டு வெளிவராது கிடந்த பாட்டு ஒன்றையும் சேர்த்தனர். தொகுதி விற்பனை வரிசையில் இரண்டாமிடம் பெற்றது. அதனை விளம்பரப்படுத்துவதற்காகவே, குழுவின் வரலாற்றைக் கூறும் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றும் அதே வாரம் நவம்பர் 16ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று.

இந்த ஆவணப்படமே எல்லாவற்றையும் மாற்றியது. விளம்பரத்துக்கென எடுக்கப்பட்டதாயினும், அதிற் பேசியவர்கள் விளம்பர மொழியிற் பேசவில்லை. முப்பது வயதைக் கடந்துவிட்ட ஐவரும் முன்னாளிற் பட்ட மனக்காயங்களைத் தனித்தனியே வெளிப்படையாகக் கூறினர். பின்னர் நால்வரும் நாட்டுப்புற மாளிகை ஒன்றில் ஒன்றுகூடினர். ஐந்தாமவரும் வருவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர் வரவில்லை, ஒளிப்பதிவு மூலமே பேசினார். அதை நால்வரும் அமர்ந்து பார்த்த காட்சியைப் பார்வையாளரும் பார்த்தனர். பழிவாங்கும் பேச்சு ஏதும் எழாது, அடக்கமும் சிறிது வருத்தமும் அவர்கள் முகத்தில் தோன்றின. சிறுவயதில் தாங்கள் நேசித்த பிள்ளைகள் மனிதராக வளர்ந்திருப்பதை முன்னாள் இரசிகையர் கண்டனர். அதன்பின் ஒன்பது நாள்களில் மறுகூட்டல் அறிவிக்கப்பட்டது. அதாவது, குழு கூடியமையாற் பாட்டுத் தொகுதி வெளியிடப்படவில்லை. பாட்டுத் தொகுதியை விற்க முயன்றமையால் குழு கூடிற்று. வணிகம் தான் அறியாமலே ஒரு நற்காரியத்துக்கு வழிவிட்டதற்கு இது ஒரு சான்று என்று நான் கருதுகின்றேன்.

வில்லியம்ஸ் ஏன் சேரவில்லை என்று கேட்கலாம். அதே நவம்பர் மாதத்தில், 2006ஆம் ஆண்டுக்கான அவருடைய உலகச் சுற்றுலாவின் நுழைவுச்சீட்டுகள் ஒரே நாளில் 16 இலட்சம் விற்பனையாகி உலக சாதனையாயின. அத்தகைய ஒருவர், தம்மை வெளியேறச் சொன்னவர்களோடு சேர்ந்து நாலில் ஒருவராகவோ ஐந்தில் ஒருவராகவோ நிற்க வேண்டிய தேவை அப்பொழுது இல்லை. மங்கீஸ் குழுவின் நெஸ்மித்தை ஈண்டு நினைவுகூரலாம்.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நியூகாசில் நகரில் சுற்றுலா தொடங்கிற்று. முதலில் உள்ளரங்குகளுக்கென ஒழுங்குசெய்யப்பட்ட நிகழ்ச்சிகளுக்குச் சீட்டுக் கிடைக்காதோர் பெருகியமையால், கார்டிஃப், மான்செஸ்டர் முதலிய நகரங்களின் பெரிய விளையாட்டரங்குகளும் சேர்க்கப்பட்டன. யூன் மாதம் வரை அது நீடித்தது. பன்னிரண்டு வயதில் தாயின் கைபிடித்து வந்த சிறுமி இப்பொழுது இருபத்தைந்து வயது மங்கை. தன் உழைப்பிற் பெற்ற பணத்தாற் சீட்டு வாங்கி, அன்றைய பாடசாலைத் தோழியரையும் தேடி அழைத்துக்கொண்டு வந்தாள். வெற்றிக்கு இது ஒரு காரணம். ஆனால் இது மட்டுமே காரணமாயின், கலைந்த குழுக்கள் யாவும் இவ்வாறு வென்றிருத்தல் வேண்டும். 2013இல் ஆங்கிலத் தொலைக்காட்சி ஒன்று தொண்ணூறுகளின் பழைய குழுக்கள் பலவற்றை ஒருங்கே கூட்டியது. அவை ஒரு பருவத்து மகிழ்ச்சியைத் தந்தனவேயன்றி முன்னைய நிலையை எட்டவில்லை.

வில்லியம்ஸ் முன்னர் முதற்குரலாகப் பாடிய ‘குட் இட் பீ மஜிக்’ பாட்டை அச்சுற்றுலாவில் அவர்கள் நிகழ்த்திய முறை குறிப்பிடத்தக்கது. வராதவரை மறைத்து அவருடைய பகுதியை வேறொருவர் பாடிவிடலாம்; அல்லது அப்பாட்டையே விட்டுவிடலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. ஒளியினால் அமைந்த வில்லியம்சின் பேருருவம் மேடையில் தோன்றித் தொடக்கத்தைப் பாடிற்று, மற்றவர்கள் தொடர்ந்தனர். தம்மை நெடுங்காலம் எள்ளிய ஒருவருக்கு அவர் இல்லாத இடத்திலும் இடம் வைத்த அந்தச் செயலை, அது வெறும் மேடைத் தந்திரமே என்று சொல்வோரும் உளர். ஐந்தாண்டுகளுக்குள் நிகழ்ந்ததைப் பார்க்கும்போது அவ்வாறு தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பழைய பாடல்களைப் பாடிச் சுற்றிவிட்டு அத்துடன் வீடு திரும்பியிருந்தால், இக்கதை வெறும் நினைவு விழாவாகவே முடிந்திருக்கும். அவர்கள் புதிய ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பமிட்டனர். முகாமையாளரும் மாறியிருந்தார். 2006 நவம்பரில் ‘பேஷன்ஸ்’, அதாவது பொறுமை, என்னும் புதிய பாட்டு வெளிவந்து நான்கு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதே மாத இறுதியில் வந்த ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட்’ தொகுதியும் முதலிடம் பெற்றது. அத்தொகுதியின் உறையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு புதுமை தெரியும். பாடல்களை இயற்றியோர் என்ற இடத்தில் பார்லோ, டொனால்ட், ஓரஞ்ச், ஓவன் என்ற நான்கு பெயர்களும் நிற்கின்றன. முன்னாள் வர்ணம் பூசுவோரான ஓரஞ்ச் கூட ஒரு பாட்டுக்கு முதற்குரலாக நின்றார். பழைய நாளில் அவர் ஆடுவதற்கு மட்டுமே உரியவராக எண்ணப்பட்டவர். ‘ஷைன்’ என்ற பாட்டுக்கு முதற்குரல் ஓவன். அதுவும் 2007இல் முதலிடம் பெற்றது.

இந்தச் சிறு எழுத்து வரிசையையே இவ்வரலாற்றின் நடுநாயகமாக நான் கருதுகின்றேன். பாட்டுத் திறனிற் பார்லோவுக்கு மற்றவர் ஈடல்லர் என்பதை அவரை விரும்பாதோரும் ஒப்புக்கொள்வர். இருந்தும், தோல்வியில் ஆறேழு ஆண்டுகள் வீட்டிலடைந்து கிடந்த அவர், தனியே பெறக்கூடிய பங்கை நாலாகப் பகிர்வதற்கு உடன்பட்டார். அது கொடையா, கணக்கா என்று விவாதிப்பது வீண். பகிராதிருந்த காலத்தில் குழு ஆறு ஆண்டுகளே நிலைத்தது. பகிர்ந்த பின்னர் இரண்டு தசாப்தங்களாக நிலைத்து வருகின்றது. உடன்பிறந்தோர் ஒரு காணிக்காக வழக்காடிப் பிரிந்த குடும்பங்களை நம்மூரிலே கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுகளை விரைவாகக் கடந்துசெல்லலாம். 2008 டிசம்பரில் வந்த ‘த சேர்க்கஸ்’ தொகுதி முதல் வாரத்திலேயே 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதையொட்டிய 2009ஆம் ஆண்டுச் சுற்றுலாவில் சர்க்கஸ் கூடாரமும் இயந்திர யானையும் மேடையேறின. 2010ஆம் ஆண்டு யூலையில் ரொபி வில்லியம்ஸ் திரும்பி வந்துவிட்டார் என்று அறிவிக்கப்பட்டது. அவரும் பார்லோவும் தங்கள் பழைய சண்டையையே பொருளாகக் கொண்டு ஒரு பாட்டு இயற்றி, அதே ஆண்டு ஒக்டோபரில் இருவருமாகப் பாடி வெளியிட்டனர். பதினைந்து ஆண்டுப் பகை மூன்று நிமிடத்துச் சொச்சப் பாட்டாகச் சுருங்கிற்று. நவம்பரில் ஐவரும் சேர்ந்த ‘புரோகிரெஸ்’ தொகுதி முதல் வாரத்தில் 5 இலட்சத்தைக் கடந்தது. 2011ஆம் ஆண்டுச் சுற்றுலாவில் இலண்டன் வெம்பிளி அரங்கில் மட்டும் எட்டு இரவுகள் பாடினர். அந்த மேடையில் ஒழுங்கு ஒன்று இருந்தது: முதலில் நால்வர், பின்னர் வில்லியம்ஸ் தனியே, அதன்பின் ஐவர். தனித்தனியே நடந்த வரலாற்றை ஒரே மாலையில் அவ்வாறு நடத்திக் காட்டினர்.

பிறர் இவ்வழியைப் பின்பற்றினர். அயர்லாந்தின் ‘பொய்சோன்’ 2008இல் மீண்டும் சுற்றுலா சென்றது. இவர்களுக்கு முன்மாதிரியாயிருந்த அமெரிக்க நியூ கிட்ஸ் குழுவும் 2008இல் மறுபடியும் கூடியது. மாணவரைப் பார்த்து ஆசிரியர் கற்ற கதை அது. ‘வெஸ்ட்லைஃப்’ 2019இல் மேடை திரும்பியது. பிரிவதும் பின் கூடுவதும் இப்பொழுது இத்தொழிலில் ஏறக்குறைய ஒரு வழக்கமாகிவிட்டது. பிரியும்போதே கூடும் நாளைக் கணக்கிடுகின்றார்களோ என்று ஐயுறும்படி சில அறிவிப்புகள் அமைகின்றன. 1996இல் அந்நால்வர் அவ்வாறு கணக்கிடவில்லை. அவர்கள் உண்மையாகவே முடிந்துவிட்டதென்று எண்ணினர். அதனாலேதான் அவர்களின் மீட்சிக்கு ஒரு பெறுமதி இருந்தது.

2014 செப்டெம்பரில் ஜேசன் ஓரஞ்ச் விலகினார். சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, இதனை இனித் தொடர விரும்பவில்லை என்று கூறிப் பொதுவாழ்விலிருந்தே அகன்றுவிட்டார். வில்லியம்சும் தம் தனிவழியே சென்றிருந்தார். பார்லோ, டொனால்ட், ஓவன் என்னும் மூவரே எஞ்சினர். 2017ஆம் ஆண்டில் அவர்களுடைய பாடல்களைக் கொண்டு ரிம் ஃபேர்த் என்னும் நாடகாசிரியர் எழுதிய ‘த பாண்ட்’ என்ற இசைநாடகம் மான்செஸ்டரில் அரங்கேறிற்று. அதன் கதை பாடகரைப் பற்றியதன்று. தொண்ணூறுகளில் ஒன்றாக அவர்களை நேசித்து, பின்னர் வாழ்க்கை பிரித்துவிட்ட சில தோழியர் இருபத்தைந்து ஆண்டுகளின் பின் மீண்டும் கூடுவதைப் பற்றியது. 1996இல் நகைப்புக்கு இலக்கான அச்சிறுமியரின் கண்ணீருக்கு அங்கே மரியாதை கிடைத்தது.

2018 நவம்பரில் ‘ஒடிசி’ என்ற பெயரில் மூன்றாவது முறையாக ஒரு தேர்ந்த பாடற்றொகுதி வெளிவந்து முதலிடம் பெற்றது. இம்முறை கொம்பனியின் பெட்டகத்திலிருந்த பதிவுகளை அப்படியே அடுக்கவில்லை. பல பாடல்களைப் புதிய முறையில் அமைத்து இணைத்தனர். 1996இல் விடைபெற்றபோது அவர்கள் பாடிய இறுதிப் பாட்டு ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’ என்பது. அதனை 1977இல் முதலிற் பாடியவர்கள், சிறுபராயத்தை அதே மான்செஸ்டர் நகரத்திற் கழித்த கிப் சகோதரர் மூவர். மொரிஸ் 2003இலும் ரொபின் 2012இலும் காலமாயினர். ஒடிசித் தொகுதியில் அப்பாட்டு மறுபடியும் இடம்பெற்றபோது, ஐவரில் எஞ்சிய மூவரோடு, அந்த மூவரில் எஞ்சியிருந்த பரி கிப் என்பவரும் சேர்ந்து பாடினார்.